ஓசியாவை முழுவதும் பிரசங்கியுங்கள்

காப்பார், மேரு, கிள்ளான் வட்டாரத் தமிழ்ச் சபைகளில் பிரசங்கம் செய்யும் சகோதரர்களுக்கு ஒரு திறந்த மடல்



காப்பார்ச் சாலையின் இருமருங்கிலும் முன்பு பால்மரமும் பிறகு செம்பனையும் நின்ற நிலங்களில் இன்று தாமான்களும் தொழிற்சாலைகளும் எழுந்துவிட்டன. தோட்டத்து லயங்களை விட்டு வந்த நம் ஜனங்கள், கோயிலையும் சபையையும் பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட மனமின்றி, எங்கே குடியேறினார்களோ அங்கே அவற்றையும் ஏதோவொரு வகையில் நிலைநிறுத்திக்கொண்டு வாழ்ந்துவருகிறார்கள். அவர்களுக்கு வாரந்தோறும் வசனம் சொல்லும் பொறுப்பு உங்களுடையது. பகலெல்லாம் வேலை செய்த களைப்போடு, சட்டையை மாற்றிக்கொண்டு, வேதாகமத்தைப் பையில் வைத்து மோட்டார் சைக்கிளில் புறப்படும் உங்களில் பலருடைய உழைப்பை நான் அறிவேன். ஆதலால் குறைகாணும் இச்சையால் இதை எழுதுகிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம்.

தவக்காலம் நெருங்கும்போது நம் கூட்டங்களில் ஓசியாவின் முதல் மூன்று அதிகாரங்களும், எரேமியாவின் இரண்டு, மூன்றாம் அதிகாரங்களும், துணிவுள்ளவர் கையில் எசேக்கியேலின் பதினாறாம் அதிகாரமும் பிரசங்கப் பொருளாவது வழக்கம். இஸ்ரவேல் தன் தேவனுக்குத் துரோகம் செய்த மனைவி என்பதும், அவளைத் தண்டித்த தேவனே மீண்டும் அவளுக்கு இரங்கினார் என்பதும் அந்த அதிகாரங்களின் சாரம். நம்மவர் இதை “ஆவிக்குரிய விபசாரம்” என்ற ஒரே பதத்தில் அடக்கிக்கொண்டார்கள். பதத்தின்மீது எனக்கு வழக்கில்லை. அந்தப் பதம் யாரை நோக்கி வீசப்படுகிறது என்பதில்தான் வழக்கு. நான் கேட்டவரையில் அது இரண்டு திசைகளில் மட்டுமே போகிறது: ஒன்று, வேலிக்கு அப்பால் வாழும் நம் இந்து உறவினர்களை நோக்கி, மற்றொன்று, கூட்டத்தில் பெண்கள் அமர்ந்திருக்கும் பக்கத்தை நோக்கி. இவ்விரு திசைகளிலும் தீர்க்கதரிசி அதை வீசவில்லை என்பதே என் அபிப்பிராயம். அதை நிலைநாட்டவே இம்மடல்.

முதலில் ஓசியாவின் காலத்தைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். கி.மு. எட்டாம் நூற்றாண்டில், வட ராஜ்யமாகிய இஸ்ரவேலை இரண்டாம் யெரொபெயாம் நாற்பத்தொரு வருஷம் ஆண்ட காலத்தின் பிற்பகுதியில் அவர் பேசத் தொடங்கினார். எல்லை விரிந்திருந்தது, வாணிபம் செழித்திருந்தது, தந்தத்தால் இழைத்த வீடுகளைப்பற்றி ஆமோஸ் கோபத்தோடு கூறியது வெறும் அலங்காரமன்று என்பதை, சமாரியாவில் 1930களில் நடந்த அகழ்வாய்வில் கிடைத்த தந்த வேலைப்பாடுகள் இன்றும் மெய்ப்பிக்கின்றன. யெரொபெயாம் இறந்ததும் அந்தச் செழிப்பு மண்சுவர்போல் சரிந்தது. அவனுக்குப் பின் வந்த ராஜாக்கள் அறுவர். அவர்களுள் நால்வர் தமக்குப் பின் அரியணை ஏறியவன் கையாலேயே மாண்டார்கள். மெனாகேம் என்பவன் தன் ராஜ்யத்தைக் காப்பாற்றிக்கொள்ள அசீரிய மன்னனுக்கு ஆயிரம் தாலந்து வெள்ளியைக் கப்பமாகக் கட்டினான். எகிப்தையும் அசீரியாவையும் மாறி மாறி நாடிய அந்த ராஜதந்திரத்தைப் புத்தியற்ற புறாவுக்கு ஓசியா ஒப்பிட்டார். கி.மு. 722 வாக்கில் சமாரியா விழுந்தது. ஜனங்கள் சிறைப்பட்டுப் போனார்கள். ஆக, தீர்க்கதரிசியின் நூலில் நாம் கேட்பது, அழிவை நோக்கி விரைந்துகொண்டிருந்த ஒரு தேசத்தின் நடுத்தெருவில் நின்று அழுத மனிதனின் குரல். நிம்மதியான அறையில் அமர்ந்து பரஸ்திரீ கமனத்தைப்பற்றி நீதிபோதனை செய்தவரின் குரல் அன்று.

அந்த மனிதனுடைய வீடு எப்படியிருந்தது என்பதை நாம் போதுமான அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. திப்லாயிமின் மகள் கோமேர் அவர் மனைவி. பிள்ளைகள் மூவர். மூத்தவனுக்கு, ஏகூ இரத்தம் சிந்திய பள்ளத்தாக்கின் பெயரையே வைத்தார்: யெஸ்ரயேல். இரண்டாவதாகப் பிறந்த பெண்ணுக்கு, இரக்கம் பெறாதவள் என்று பொருள்படும் லோருகாமா என்ற பெயர். மூன்றாமவனுக்கு, என் ஜனமல்ல என்ற பொருளில் லோகம்மீ. மாலையில் இருட்டுகிற வேளையில் தெருவில் விளையாடும் பிள்ளைகளை ஒவ்வொரு வீட்டிலும் பெயர் சொல்லி அழைப்பார்களல்லவா. அப்பொழுது அந்த வீட்டு வாசலிலிருந்து, “இரக்கம் பெறாதவளே, சாப்பிட வா” என்று ஒரு தகப்பன் குரல் கொடுத்திருப்பான். அயலார் அதைத் தினந்தோறும் கேட்டிருப்பார்கள். தேசத்தின் மீது வந்த தீர்ப்பை ஒரு மனிதன் தன் சொந்தக் குழந்தைகளின் பெயராகச் சுமக்க வேண்டியிருந்தது என்றால், அந்தத் தீர்ப்பைச் சொல்வது அவருக்கு எத்துணை வேதனையாயிருந்திருக்கும்!

பிறகு மூன்றாம் அதிகாரம் வருகிறது. ஐந்தே வசனங்கள். மற்றொருவனால் நேசிக்கப்பட்டு விலகிப்போன ஸ்திரீயை மறுபடியும் நேசி என்று கட்டளை பிறக்க, அவர் பதினைந்து வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்து அவளைக் கொண்டுவருகிறார். அவள் எவ்விதம் விலை கூறப்படும் நிலைக்கு வந்தாள், கடனாலோ அடிமைத்தனத்தாலோ என்பதை நூல் கூறவில்லை. ஆனால் விலையை மட்டும் அளவு தவறாமல் எழுதிவைத்திருக்கிறது. யாத்திராகமத்தின் சட்டப்படி ஓர் அடிமையின் விலை முப்பது வெள்ளிக்காசு. ஆகவே, கையிலிருந்த வெள்ளி பாதிக்கே போதுமாயிருந்தது, மீதியைத் தானியமாக அளந்து ஈடுகட்டினார் என்று வேத பண்டிதர் சிலர் கணக்கிட்டுச் சொல்வார்கள். வாற்கோதுமையோ ஏழைகளின் உணவு, கால்நடைக்கும் போடப்படுவது. கிள்ளானின் அடகுக்கடை முகப்பில், நகையை மீட்க வந்தவன் கையிலுள்ள நோட்டுகளை எண்ணி வைத்துவிட்டு, போதாமல், சட்டைப்பையிலுள்ள சில்லறையையும் எடுத்துக் குவிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். ஊரார் பார்க்க, மரக்கால் மரக்காலாகத் தானியத்தை அளந்து கொட்டிய அந்த மனிதனின் நிலையும் அதுவே. மானம் என்று நாம் சொல்வதையெல்லாம் அவர் அங்கே அந்தக் குவியலோடு சேர்த்தே கொட்டிவிட்டார். தேவ இரக்கம் என்பதற்கு வேதம் முழுவதிலும் இதைவிடத் துல்லியமான கணக்கு எங்கேனும் எழுதப்பட்டிருக்கிறதா என்று நான் சந்தேகிக்கிறேன்.

இந்த உவமையைக் கையாண்ட மேலும் இரு பெரும் தீர்க்கதரிசிகளின் இல்லறத்தையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். எரேமியாவுக்கு விவாகமே தடைசெய்யப்பட்டிருந்தது. அவருக்கு வீடும் இல்லை, பிள்ளையும் இல்லை. எசேக்கியேலோ, தம் கண்களுக்கு விருப்பமாயிருந்த மனைவியை ஒரே நாளில் இழந்தவர். காலையில் ஜனங்களோடு பேசினார், மாலையில் அவள் இறந்தாள், அவளுக்காகப் புலம்பவும் அவருக்கு அனுமதியில்லை. கைவிடப்பட்டவர் ஒருவர், மணம் மறுக்கப்பட்டவர் ஒருவர், மனைவியை இழந்தவர் ஒருவர்: தேவனைக் கணவன் என்றும் ஜனத்தை மனைவி என்றும் பேசத் துணிந்தவர்கள் இவர்கள். இல்லறம் இனிதாய் நடத்துகிற நாம், இரவு உணவுக்கு வீட்டில் மனைவி காத்திருக்கிறாள் என்ற நிச்சயத்தோடு, அதே வார்த்தைகளை உரக்கக் கத்துவதற்கு முன் ஒரு கணம் தயங்க வேண்டாமா?

தமிழர்களாகிய நமக்கு இவ்விஷயத்தில் ஒரு விசேஷமான அநுகூலம் உண்டு. அதை நம் பிரசங்க பீடங்கள் பயன்படுத்துவதில்லை. துரோகமும் மீட்சியும் நம் இலக்கியத்துக்குப் புதியவை அல்ல. மருதத்திணையின் உரிப்பொருளே, பரத்தையை நாடிச் சென்று திரும்பும் தலைவனிடத்தில் தலைவி ஊடுவது. கோவலன் மாதவியிடமிருந்து பொருளிழந்து மீள்கிறான். கண்ணகி அவனிடம் கணக்குக் கேட்கவில்லை, சிலம்பைக் கொடுக்கிறாள். அதாவது நம் மரபில் விலகிப்போகிறவன் ஆண். பொறுத்துக்கொண்டு வாசலில் நிற்பவள் பெண். பக்தி இலக்கியத்தில் நாயகி பாவம் வந்தபோதும் இந்த நிலை மாறவில்லை: ஆண்டாளும், பராங்குச நாயகியாகப் பாடிய நம்மாழ்வாரும், வராத நாயகனுக்காக ஏங்குகிற பெண்ணின் ஸ்தானத்தில் நின்றே உருகினார்கள். ஓசியா இந்த அமைப்பைத் தலைகீழாகப் புரட்டிவிடுகிறார். அவருடைய நூலில் ஏங்குகிறவர், வாசலில் காத்திருக்கிறவர், வழிபார்த்துக் கண் பூத்தவர் கடவுளே. மருதத் தலைவி நிற்கும் இடத்தில் சர்வவல்லவர் வந்து நிற்கிறார். நம் கூட்டங்களிலே இதை எடுத்துச் சொன்னால், சங்கப் பாட்டைப் பள்ளியில் படித்த எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் விளங்கும்; கைவிடப்பட்டவளின் வேதனை இன்னதென்று கடவுள் அறிவார் என்ற ஆறுதலும் அவளுக்குக் கிடைக்கும். நாமோ அதே அதிகாரத்தைக் கொண்டு அவளையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம்.

பெரியபுராணத்தில் வரும் சுந்தரர் வரலாறு இன்னும் நெருங்கிய உதாரணம். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்து, பிரியேன் என்று மகிழமரத்தடியில் சத்தியம் செய்து, பிறகு அதை மீறிப் புறப்பட்ட சுந்தரர், எல்லையைக் கடந்ததும் கண்ணொளி இழந்தார். வழியெல்லாம் பாடி அழுது, காஞ்சியில் ஒரு கண்ணையும் திருவாரூரில் மறு கண்ணையும் பெற்றார். கண் கிடைத்தும் வீடு கிடைக்கவில்லை. திருவாரூரில் இருந்த முதல் மனைவி பரவையார் கதவைத் திறக்க மறுத்தார். அப்பொழுது திருவாரூர்ப் பெருமானே நள்ளிரவில் வீதியில் நடந்து, அந்தப் பெண்ணின் சினம் தணிக்க இருமுறை தூது சென்றார் என்று சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாடிவைத்தார். வாக்குத் தவறியவனுக்குத் தண்டனையும் உண்டு, அவன் பொருட்டுத் தெருவில் இறங்கி நடக்கும் தெய்வக் கருணையும் உண்டு என்ற இந்தக் கதையைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நம் அயல்வீட்டுச் சைவர்கள். அவர்களும் நாமும் ஒரே மதத்தார் என்று நான் கூறவரவில்லை. வேற்றுமை எவ்விடத்தில் உள்ளதென்பதையும் அறிவேன். பரவையாரின் கதையில் இறைவன் தூதர். ஓசியாவின் கதையில் அவரே புண்பட்டவர். ஆனால் இரக்கத்தின் இலக்கணத்தை இவ்வளவு அறிந்த ஒரு ஜனத்தை நோக்கி, “நீங்கள் விபசார சந்ததி” என்று ஒலிபெருக்கியில் கூவுவது அறியாமை என்பதற்குமேல் எனக்கு வேறு சொல் அகப்படவில்லை.

அது வேதத்துக்கே விரோதமானதும்கூட. மனைவியாய் இராதவள்மீது கணவனுக்குத் துரோகம் செய்தாள் என்ற குற்றம் சாட்ட முடியாது. உடன்படிக்கை இருந்த இடத்தில்தான் உடன்படிக்கை மீறல் உண்டு. ஆமோஸ் முதல் இரண்டு அதிகாரங்களில் சுற்றியுள்ள ஜாதிகளை ஒவ்வொன்றாக அழைத்துக் குற்றப்பத்திரிகை வாசிக்கிறார்: தமஸ்கு, கீலேயாத்தை இரும்புக் கருவிகளால் போரடித்தது, காசா, ஜனங்களைக் கூண்டோடு சிறைபிடித்து விற்றது, அம்மோன், கர்ப்பிணிகளைக் கீறியது, மோவாப், ஏதோம் ராஜாவின் எலும்புகளைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கியது. இவை யாவும் மனிதனுக்கு மனிதன் இழைத்த கொடுமைகள்; எந்தத் தெய்வத்தை வணங்கினார்கள் என்ற கேள்வியே அங்கே எழவில்லை. யூதாவிடம் வரும்போதுதான் நியாயப்பிரமாணத்தை வெறுத்த குற்றம் பேசப்படுகிறது. நினிவேயையும் தீருவையும் வேசி என்று நாகூமும் ஏசாயாவும் அழைத்ததை நீங்கள் எடுத்துக்காட்டுவீர்கள், உண்மைதான். ஆனால் அங்கே பேசப்படுவது சூழ்ச்சியும் வாணிப வெறியும், தேசங்களை வசப்படுத்தி விற்ற வஞ்சகமும். முறிந்த தாம்பத்தியம் அன்று. தாம்பத்தியத்தின் மொழியைத் தீர்க்கதரிசிகள் தங்கள் சொந்த ஜனத்துக்கென்றே ஒதுக்கிவைத்தார்கள்.

சரி, அந்த ஜனம் செய்த துரோகந்தான் என்ன? பாகாலின் வழிபாடு. சிரியாவின் கடற்கரையோரம் ராஸ் ஷம்ரா என்னும் இடத்தில் 1929 முதல் வெளிப்பட்ட உகாரித்துக் களிமண் பலகைகளால், பாகால் மேகங்களின் மேல் ஏறி வருகிறவனாகவும் மழையையும் விளைச்சலையும் தருகிறவனாகவும் போற்றப்பட்டான் என்று நாம் அறிகிறோம். ஓசியாவின் இரண்டாம் அதிகாரத்தில் மனைவி தன் நேசர்களைப் பின்பற்றுவதற்குச் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள்: அப்பமும் தண்ணீரும் ஆட்டுமயிரும் சணலும் எண்ணெயும் பானமும் அவர்கள் கொடுக்கிறார்களாம். ஆதாயத்துக்காகத் தெய்வத்தை நேசிப்பதே அந்தப் பாவத்தின் வேர். இப்பொழுது நம் கூட்டங்களின் நோட்டீஸை எடுத்து வாசித்துப் பாருங்கள். காணிக்கை கொடுத்தால் கார் வரும், பத்திலொன்று கொடுத்தால் பதவி உயர்வு வரும், இவ்வருஷத்தின் வாக்குத்தத்தம் இன்ன வீடு இன்ன வாசல் என்று முழங்குகிற ஆசீர்வாதப் பிரசங்கங்களில், தேவனை நேசிக்கும்படி சொல்லப்படும் காரணம் எது? அயலார் ஏற்றும் கற்பூரத்தில் நாம் பாகாலைத் தேடுகிறோம். அவன் நம் மேடையிலேயே நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறான். (நாலு நம்பர் எடுக்கிறவனை நாம் கண்டிக்கிறோம். அவனாவது தான் ஆடுவது சூதாட்டம் என்பதை ஒப்புக்கொள்கிறான்.)

இனி, பெண்களைப்பற்றிய விஷயம். சென்ற வருஷம் காப்பார் வட்டாரத்து ஒரு வீட்டுக் கூட்டத்தில், கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலிகள் போட்டு, ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் மறுபுறமுமாக அமர்ந்திருக்க, ஓசியாவின் இரண்டாம் அதிகாரம் வாசிக்கப்பட்டது. சோரம் போனவள் என்ற சொல் வருந்தோறும் பிரசங்கியாரின் கை பெண்கள் பக்கமே நீண்டது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை, பழக்கத்தால் நீண்டது. கடைசி வரிசையில் ஒரு தாய் இருந்தாள். கணவன் அவளையும் பிள்ளைகளையும் விட்டு வேறொருத்தியுடன் குடித்தனம் நடத்துவது அங்கிருந்த அனைவரும் அறிந்த செய்தி. அவள் முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, மடியிலிருந்த வேதாகமத்தை மூடினாள். கூட்டம் முடிந்து தேநீரும் கறிபாப்பும் பரிமாறப்பட்டபோது அவள் சமையற்கட்டில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். வெளியே நின்று பேசிக்கொண்டிருந்த ஆண்களுள் ஒருவராகிலும் அந்தப் பிரசங்கம் தமக்கும் உரியது என்று கருதியதாக எனக்குத் தோன்றவில்லை.

இதற்குத் தீர்க்கதரிசியே விடை எழுதிவைத்திருக்கிறார். நான்காம் அதிகாரத்தின் பதினாலாம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். உங்கள் குமாரத்திகளும் மருமக்களும் செய்த தவறுக்காக அவர்களைத் தண்டிக்கமாட்டேன், ஏனெனில் ஆண்களாகிய நீங்களே வேசிகளோடு ஒதுங்கிப் போகிறீர்கள் என்பது அதன் பொருள். பெண்ணுக்கு ஒரு நீதியும் ஆணுக்கு ஒரு நீதியும் வைத்திருந்த புராதன உலகில், இஸ்ரவேலின் தீர்க்கதரிசி ஒருவர் கடவுளின் பெயரால் இதைச் சொன்னார் என்பது ஆச்சரியத்திலும் ஆச்சரியம். அந்த அதிகாரத்தின் முற்பகுதியும் கவனிக்கத்தக்கது: அறிவில்லாமையால் ஜனம் சங்காரமாகிறது, அந்த அறிவை வெறுத்தவர்கள் ஆசாரியர்கள், ஜனத்தின் பாவத்தால் வயிறு வளர்ப்பவர்களும் அவர்களே என்று குற்றம் பீடத்தின்மீதே சாட்டப்படுகிறது. பிறகு ராஜாக்கள்; பிறகு கள்ளத்தராசு பிடிக்கும் வியாபாரிகள். ஆக, “துரோகம் செய்த மனைவி” என்ற உருவகத்துக்குள் ஓசியா நிறுத்தியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அதிகாரமுள்ள, பூசை செய்த, பணம் எண்ணிய ஆண்கள். தங்களைப் பெண்ணின் இடத்தில், அதுவும் கெட்டுப்போன பெண்ணின் இடத்தில், வைத்துப் பார்க்கும்படி அவர்களை நிர்ப்பந்தித்ததே அந்த உருவகத்தின் கூர்மை. அதை எடுத்து நிஜப் பெண்கள் பக்கம் திருப்பினால் அந்தக் கூர்மை முழுவதும் போய்விடுகிறது.

நம் மண்ணின் சரித்திரத்திலும் இதற்குச் சாட்சி உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள், தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றிய ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் துணையோடு வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, அவர்களுடைய கோரிக்கைகளில் கூலி உயர்வு மட்டுமா இருந்தது? துரைமாருக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை என்பது ஒன்று. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது ஒன்று. வெள்ளைத் துரைகளும் அவர்களைப் போலவே நடந்துகொண்ட கறுப்பு அதிகாரிகளும் தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும் என்பது மற்றொன்று. நாதன் மே மாதத்தில் கைதாகி, பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார், துருப்புகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். மதுபானம் இருதயத்தை மயக்கும் என்று அதே நான்காம் அதிகாரத்தில் ஓசியா சொன்னதையும், தகப்பனும் மகனும் ஒரே பெண்ணிடம் செல்கிறார்கள் என்று ஆமோஸ் குமுறியதையும், அந்தக் கோரிக்கைப் பட்டியலின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்தறிவு குறைந்த தோட்டத்து ஜனங்கள், துரோகி யார் என்பதைத் தீர்க்கதரிசிகளைப் போலவே சரியாக அடையாளம் கண்டிருந்தார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகளுக்குப் பிரசங்கிக்கும் நாம் அதைத் தவறவிடலாமா?

எசேக்கியேலின் பதினாறாம் அதிகாரத்தைப்பற்றி ஒரு வார்த்தை. வெளியிலே எறியப்பட்ட பெண்சிசுவை எடுத்து வளர்த்து மணந்தவர் பேசும் அந்தப் பேச்சில், நிர்வாணமாக்குதலும் கல்லெறிதலும் வெட்டுதலும் வருகின்றன. இதை ஜெப ஆலயத்தில் வாசிக்கலாகாது என்று ரபீ எலியேசர் கருதியது யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலேயே பதிவாகியிருக்கிறது. ஆக, அந்த அதிகாரம் ஆபத்தானது என்பதை நமக்கு வெகுகாலம் முன்பே யூதர்கள் உணர்ந்திருந்தார்கள். வீட்டில் மனைவியை அடிக்கிறவன் காதில் அது எவ்விதம் விழும் என்று யோசித்துப் பாருங்கள். அதே அதிகாரத்தில் சோதோமின் அக்கிரமம் எது என்று சொல்லப்பட்டிருப்பதையோ நாம் வாசிப்பதே இல்லை: கர்வம், ஆகாரத் திரட்சி, நிர்விசாரம், எளியவன் கையைத் தாங்காமை. சொகுசான வீடுகளில் நடக்கும் கூட்டங்களுக்கு அந்த நாற்பத்தொன்பதாம் வசனம் போதும்.

சிலர் என்னைக் கேட்கலாம்: இப்படி மென்மையாக்கிவிட்டால் நியாயத்தீர்ப்பின் பயம் போய்விடாதா என்று. மென்மையாக்கச் சொல்லவில்லை. ஓசியாவின் பதிமூன்றாம் அதிகாரத்தைப்போல் பயங்கரமான பேச்சு வேதத்தில் அரிது. சமாரியா தப்பவும் இல்லை. தண்டனைக்குப் பதிலாக இரக்கம் வந்ததென்று தீர்க்கதரிசி சொல்லவில்லை. தண்டிக்க எழுந்த கை நடுங்கியது என்றுதான் சொல்கிறார். பதினோராம் அதிகாரத்தில் கணவன் மறைந்து தாயுமானவர் போன்ற ஒருவர் தோன்றுகிறார். எப்பிராயீமைக் கைபிடித்து நடை பழக்கியவர், குனிந்து ஆகாரம் ஊட்டியவர். உன்னை எப்படிக் கைவிடுவேன் என்று தனக்குள்ளேயே வழக்காடி, நான் மனிதனல்ல தேவன் என்ற ஒரே காரணத்தால் கோபத்தின் உக்கிரத்தை அடக்கிக்கொள்கிறார். எரேமியாவிலோ அவர் தம்முடைய சட்டத்தையே மீறுகிறார். தள்ளிவிடப்பட்டு வேறொருவனுக்கு மனைவியானவள் முதல் கணவனிடம் திரும்பக்கூடாது என்பது உபாகமத்தின் விதி. அந்த விதியை எரேமியா மூன்றாம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் தாமே ஞாபகப்படுத்திவிட்டு, சில வசனங்களுக்குள், திரும்பி வா என்று அழைக்கிறார். இரக்கத்தை நான் விரும்புகிறேன், பலியை அல்ல என்ற ஓசியாவின் கருத்தை மத்தேயு சுவிசேஷத்தில் இயேசு இரண்டு இடங்களில் எடுத்தாண்டதும், அதை வேதம் கற்ற மதத் தலைவர்களிடமே சொன்னதும் நீங்கள் அறியாததல்ல.

ஒன்றை மட்டும் ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும். ஓசியா மன்னித்தார், ஆகையால் நீயும் பொறுத்துக்கொண்டு அவனோடு வாழ் என்று அடிபட்ட பெண்ணிடம் சொல்லிவிடாதீர்கள். ஓசியா நஷ்டத்தைத் தாமே மனமுவந்து ஏற்றவர். பிறர்மேல் சுமத்தியவர் அல்லர். மேலும் இந்த நாட்டில் 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. அதன்படி அவள் காவல்நிலையத்தில் புகார் செய்யவும் பாதுகாப்பு உத்தரவு பெறவும் முடியும். உடம்பில் காயத்தோடு உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பவளுக்கு முதலில் மருத்துவமனையும் காவல்நிலையமும். ஜெபம் வழியில் காரிலேயே நடக்கட்டும்.

ஆகவே, இவ்வருஷத் தவக்காலத்துக்கு உங்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான். ஓசியாவை எடுப்பதானால் பதினாலு அதிகாரங்களையும் எடுங்கள். எசேக்கியேல் பதினாறைச் சிறுவர் அமர்ந்திருக்கும் கூட்டத்தில் எடுக்காதீர்கள். பெரியவர்களுக்கு எடுத்தால், அறுபதாம் வசனத்தின் நித்திய உடன்படிக்கை வரை போகாமல் நிறுத்தாதீர்கள். அயலாரின் பெயரைப் பிரசங்கத்தில் இழுக்காதீர்கள். வரிசையும் மாற வேண்டும்: சாம்பல் புதனுக்குப் பின் வரும் முதல் கூட்டத்தில், பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டாகிலும், சபைக் குழுவினரும் பிரசங்கிமாரும் மட்டும் அமர்ந்து, நான்காம் அதிகாரத்தை முதலிலிருந்து கடைசிவரை சத்தமாக வாசியுங்கள், மூன்றாம் அதிகாரத்தை அதற்கடுத்த வாரம் எல்லோருக்கும் பிரசங்கிக்கலாம்.

இங்ஙனம்,
உங்கள் கூட்டங்களில் பின்வரிசையில் அமர்ந்து கேட்கும் ஒருவன்,
காப்பார், சிலாங்கூர்.